மண்ணுக்கு இவ்வளவா? டெரகோட்டா நகைத் தொழிலின் கணக்குப் பக்கம்

டெரகோட்டா (சுடுமண்) நகைக்கு ஸ்டால் போட்ட எல்லோரும் கேட்டிருக்கும் கேள்வி இது: "மண்ணுக்கு இவ்வளவு விலையா?" கேட்பவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. பல நேரம் அந்த விலை எப்படி வந்தது என்று விற்பவருக்கே தெரியாது. பக்கத்து ஸ்டாலில் 180 என்றால் நம்முடையது 170. இப்படி விலை வைத்தவர்களுக்கு ஆர்டர் பெருகப் பெருக நஷ்டமும் பெருகும். இரவு இரண்டு மணிவரை வண்ணம் தீட்டி, தீபாவளி முழுக்க விற்று, கடைசியில் கையில் நிற்பது அடுத்த மண் மூட்டைக்கான காசு மட்டும்தான் என்றால், நகையில் குறை தேட வேண்டாம். விலையில்தான் குறை.

மண்ணைப் பிசையக் கற்றுத்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கூலியைக் கணக்கில் எழுதச் சொல்லித்தர ஆள் குறைவு. அதனால் கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

ஒரு சூளைக் கணக்கு

ஒரே மாதிரி 24 ஜோடி ஜிமிக்கி செய்வதாக வைத்துக்கொள்வோம். கீழே வரும் ரூபாய் எல்லாம் மாதிரிக்கு. உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கின் வடிவம் மாறாது.

ஒரு ஜோடிக்கு ஈர மண் 30 கிராம். 24 ஜோடிக்கு 720 கிராம், சேதாரத்தோடு ஒரு கிலோ: 60 ரூபாய். சுடும் செலவு 150 ரூபாய். மண் வேலை ஜோடிக்கு 20 நிமிடம், ஆக மொத்தம் 8 மணி நேரம். மணிக்கு 75 ரூபாய் கூலி என்றால் 600 ரூபாய். சூளையிலிருந்து எடுக்கும்போதே 810 ரூபாய் ஆகிவிட்டது.

இப்போது எண்ணிப் பாருங்கள். 24 ஜோடியில் மூன்று ஜோடி விரிசல் விட்டிருக்கும். மீதி 21. இவற்றுக்கு வண்ணமும் வார்னிஷும் ஜோடிக்கு 8 ரூபாய் வீதம் 168. வண்ணம் தீட்ட ஜோடிக்கு 24 நிமிடம், அதாவது 8 மணி 24 நிமிடம்: 630 ரூபாய். மொத்தம் 1,608. தீட்டி முடித்த பிறகு ஒரு ஜோடியில் தங்க நிறம் திட்டுத் திட்டாக நிற்கிறது, அதை ஒதுக்குகிறோம். விற்கத் தகுந்தவை 20 ஜோடி. 1,608 ரூபாயை 20ஆல் வகுத்தால் ஜோடிக்கு 80 ரூபாய் 40 காசு. 24ஆல் வகுத்தால் 67 ரூபாய்தான். பலருடைய கணக்கு முதலில் பிசகுவது இந்த 13 ரூபாயில். செய்த எண்ணிக்கையால் வகுக்கக் கூடாது, விற்கிற எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

இதன் மேல் ஹூக், ஐ பின் (முனையில் வளையம் உள்ள கம்பி), முத்து 10 ரூபாய். அட்டைப்பெட்டி, பபிள் ராப் 18. கோர்ப்பதற்கும் பேக் செய்வதற்கும் 16 நிமிடம், 20 ரூபாய். போட்டோ எடுத்து, "இதே டிசைன் பச்சையில இருக்கா?" என்ற கேள்விகளுக்குப் பதில் எழுத 12 நிமிடம், 15 ரூபாய். மொத்தம் 143 ரூபாய் 40 காசு. சூளைத் தேய்மானம், கரண்ட், போன், தேய்ந்துபோகும் பிரஷ் எல்லாவற்றுக்கும் 15 சதவீதம் சேர்த்தால் 165.

மனக்கணக்கு போடுபவர் மண் 3, வண்ணம் 8, ஹூக் 10, பெட்டி 18, ஆக 39 ரூபாய் என்கிறார். 150க்கு விற்றால் 111 ரூபாய் லாபம் என்று நினைக்கிறார். உண்மையில் அவர் ஒவ்வொரு ஜோடிக்கும் கையிலிருந்து 15 ரூபாய் போடுகிறார். அந்த 15 ரூபாய் அவருடைய தூக்கத்திலிருந்து போவதால் கண்ணில் படுவதில்லை.

கூலி எவ்வளவு போடுவது என்று தயங்க வேண்டாம். நாளைக்கே ஆர்டர் இரண்டு மடங்கானால் வண்ணம் தீட்ட ஒருவரை வைக்க வேண்டும். அவர் என்ன கேட்பாரோ அதுதான் உங்கள் கூலி. "வீட்டில் சும்மா இருக்கும் நேரம்தானே" என்று பூஜ்ஜியம் போட்டால், ஆள் வைக்கும் நாள் வரவே வராது.

நேரத்தை அளக்கும்போது முதல் ஜோடியை அளக்காதீர்கள், அதில் தடுமாற்றம் இருக்கும். நல்ல சுறுசுறுப்பில் செய்த பத்தாவதையும் வேண்டாம். ஒரு தொகுதி முழுவதற்கும் தொடங்கிய நேரம், முடித்த நேரம் இரண்டையும் குறித்து எண்ணிக்கையால் வகுப்பதே சரி. போனை எடுத்துப் பார்த்த நேரமும், குழந்தைக்குப் பால் காய்ச்சிய நேரமும் அதில் விழும். விழட்டும். ஆண்டு முழுக்க நீங்கள் வேலை செய்யப்போவதும் அப்படித்தான்.

உடைவது எங்கே?

நான்கு ஜோடி வீணாவதை இரண்டாகக் குறைத்தால் அது நேராக லாபத்தில் சேரும். பெரும்பாலான உடைசலுக்குக் காரணம் உலர்த்துவதில்தான் இருக்கிறது. வெயிலில் வைத்தால் மேல்புறம் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும், மேல்தோல் பிளக்கும். முதல் இரண்டு நாள் நிழலில், மேலே மெல்லிய துணியோ தளர்வான பாலித்தீனோ போட்டு வையுங்கள். ஒரு நாளைக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். பிறகு திறந்த நிழலில் இரண்டு நாள். ஒரே நகையில் ஒரு பகுதி 3 மி.மீ., இன்னொரு பகுதி 8 மி.மீ. கனம் என்றால் இரண்டும் சேரும் இடத்தில் விரிசல் விழும். டிசைன் போடும்போதே கனத்தைச் சீராக வைப்பது மலிவான வைத்தியம்.

ஒட்டிய பூக்கள் தனியே கழன்று வருகிறதா? காய்ந்த மண்ணில் ஈர மண்ணை ஒட்டியிருப்பீர்கள். இரண்டும் ஒரே பதத்தில் இருக்கும்போது, ஒட்டும் இடத்தைக் கீறிவிட்டு, அதே மண்ணைக் கரைத்த குழம்பைத் தடவி அழுத்த வேண்டும்.

சூளையில் வெடிப்பதற்குக் காரணம் ஈரம். நீர் 100 டிகிரியில் ஆவியாகும், வெளியேற வழியில்லாவிட்டால் மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். உமி, வறட்டி, மரத்தூள் வைத்துச் சுடுபவர்கள் முதல் ஒரு மணி நேரம் சிறு தணலில் வாட்டிவிட்டுத்தான் தீயை ஏற்ற வேண்டும். 573 டிகிரியில் மண்ணில் உள்ள குவார்ட்ஸ் திடீரென விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். எலக்ட்ரிக் சூளை வைத்திருப்பவர்கள் 600 டிகிரி வரை மெதுவாக ஏற்றுவதும், ஆறும் முன் கதவைத் திறக்காமல் இருப்பதும் இதனால்தான். நகைக்கு 700 முதல் 900 டிகிரி வரை போதும். வெந்ததா என்று அறிய ஒரு துண்டை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு வையுங்கள். குழைந்தாலோ விரலில் மண் ஒட்டினாலோ வேகவில்லை. அந்தச் சூளையில் இருந்த மற்றவற்றையும் விற்காதீர்கள், மறுபடி சுடுங்கள்.

மண் காய்ந்து வேகும்போது சுமார் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். மண்ணுக்கு மண் இது மாறும். 100 மி.மீ. கோடு கீறிய ஒரு பட்டையை ஒவ்வொரு மூட்டை மண்ணிலும் செய்து சுட்டு அளந்து வையுங்கள். 90 மி.மீ. ஆனால், 30 மி.மீ. பென்டன்ட் வேண்டும் என்றால் 33 மி.மீ. செய்ய வேண்டும். கம்பி நுழையும் துளைக்கும் இதே கணக்குதான். சுட்ட பிறகு துளையைப் பெரிதாக்கப் போனால் நகை கையோடு வரும்.

விலை ஒன்றல்ல, மூன்று

அடக்க விலை 165 என்றால் கடைசி வாடிக்கையாளருக்கு 330க்குக் குறையாமல் இருக்க வேண்டும். 350 என்று வைப்போம். "இரண்டு மடங்கா?" என்று திகைக்க வேண்டாம். உங்களிடம் வாங்கி விற்கும் ரீசெல்லர் 30 சதவீதம் கேட்பார். 350இல் 105 போனால் உங்களுக்கு 245, அடக்கம் போக 80. இதே ஜிமிக்கியை 250 என்று போட்டிருந்தால் ரீசெல்லரிடமிருந்து வருவது 175, மிச்சம் 10 ரூபாய். கூரியரில் ஒரு ஜோடி உடைந்து, 60 ரூபாய் செலவில் மாற்றி அனுப்பினால் 225 ரூபாய் போச்சு. அதை ஈடுகட்ட 23 ஜோடி விற்க வேண்டும்.

சில்லறை விலை ஒன்று, ரீசெல்லர் விலை ஒன்று, குறைந்தது 25 ஜோடி எடுக்கும் மொத்த விலை ஒன்று. மூன்றையும் முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள். ரீசெல்லர் 350க்கு விற்கும் பொருளை நீங்களே ஸ்டேட்டஸில் 280க்குப் போட்டால், அடுத்த மாதம் அவர் வேறு ஆளைத் தேடிப் போவார்.

350 கொடுக்க ஆள் இல்லையா? கூலியைக் குறைக்காதீர்கள், நிமிடத்தைக் குறையுங்கள். ஜிமிக்கியின் குடையை மோல்டில் (அச்சில்) அழுத்தி எடுத்தால் மண் வேலை 20 நிமிடத்திலிருந்து 8 ஆகும். ஐந்து நிறத்தை இரண்டாக்கினால் தீட்டும் நேரம் 12 நிமிடத்தில் முடியும். மேலே சொன்ன கணக்கை இந்த நிமிடங்களோடு திரும்பப் போட்டால் அடக்கம் 165இலிருந்து 126 ஆக இறங்கும். தினசரி அணிய மோல்டு வரிசை 250 ரூபாய், விசேஷத்துக்குக் கைவேலை வரிசை 350க்கு மேல் என்று இரண்டாகப் பிரித்து வைத்தால், பேரம் பேசுபவரிடம் விலையைக் குறைக்காமல் வேறு தட்டைக் காட்டலாம்.

மழையும் ஆர்டரும் சேர்ந்து வரும்

டெரகோட்டா நகைக்குத் தமிழ்நாட்டில் ஒரு விசேஷமான தொல்லை உண்டு. ஆர்டர் குவிவது நவராத்திரி, தீபாவளி, கார்த்திகை, தை முகூர்த்தங்களுக்கு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நான்கு நாளில் காயும் மண் அப்போது எட்டு நாள் ஆனாலும் காயாது. அவசரப்பட்டு அரை ஈரத்தோடு சுடுவதால் அந்த மாதங்களில்தான் சூளையில் அதிகம் வெடிக்கிறது.

வழி ஒன்றே: ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை மண் வேலையை முடித்துச் சுட்டு, வண்ணம் தீட்டாமல் வெறும் துண்டுகளாக டப்பாவில் அடுக்கி வையுங்கள். சுட்ட மண் கெட்டுப்போகாது. மழையில் ஆர்டர் வரும்போது புடவை நிறத்துக்கு ஏற்றபடி தீட்டி, வார்னிஷ் பூசி, கோர்த்துக் கொடுக்க இரண்டு நாள் போதும். வண்ணம் தீட்டிய நகை விற்காவிட்டால் முடங்கும், தீட்டாத துண்டு எந்த நிறத்துக்கும் போகும். ஒரே குடை வடிவம், மூன்று அளவு, நான்கு தோடு வடிவம் இருந்தால் 12 வகை ஜிமிக்கி. முப்பது டிசைன் போட்டு ஒவ்வொன்றிலும் இரண்டு ஜோடி வைத்திருப்பவரைவிட இவருக்கு முடங்கும் பணம் மிகக் குறைவு.

கஸ்டமைஸ் ஆர்டர்

புடவை போட்டோவைப் பார்த்து நிறம் கலப்பது சூதாட்டம். இரவில் டியூப்லைட்டில் எடுத்த போட்டோவில் அரக்கு, மெரூன், கரும்சிவப்பு மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். பகல் வெளிச்சத்தில், புடவை மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுக்கச் சொல்லுங்கள். தாள் போட்டோவில் மஞ்சளாகத் தெரிந்தால் நிறமும் அந்த அளவுக்குத் தவறு. பெரிய செட் என்றால் பிளவுஸ் துணியில் ஒரு துண்டைக் கூரியரில் வாங்கிவிடுவதே நல்லது.

அட்வான்ஸ் பாதி. வரைபடத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், சுட்ட பிறகு நிறம் மட்டும் ஒருமுறை. எந்தத் தேதிக்குள் தருவீர்கள், கல்யாணத் தேதி எது, உடைந்து வந்தால் என்ன செய்வது எல்லாவற்றையும் ஒரே மெசேஜில் எழுதி "சரி" என்று பதில் வாங்குங்கள். பத்து நாளைக்கு முன் சொல்லாத ஆர்டரைச் சொந்தக்காரர் கேட்டாலும் மறுப்பது நல்லது. சொந்தக்காரர் கேட்டால் இன்னும் நல்லது.

பணம் வந்ததாக வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பி பார்சலை அனுப்பாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கில் வரவு விழுந்ததா என்று மட்டும் பாருங்கள். போலி ஸ்கிரீன்ஷாட் தயாரிக்க ஒரு நிமிடம் போதும்.

ஸ்டாலும் பொட்டிக்கும்

இரண்டு நாள் எக்ஸிபிஷனுக்கு வாடகை 4,000, வண்டி 800, சாப்பாடு 400 என்று வைப்போம். இரண்டு பேர் இரண்டு நாள் பத்து மணி நேரம் நிற்பதற்கு 3,000. ஆக 8,200. ஜோடி 350க்கு விற்றால் அடக்கம் போக 185, எனவே 45 ஜோடி விற்றால்தான் கை கடிக்காது. 250க்கு விற்றால் 97 ஜோடி. ஸ்டால் எடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு இவ்வளவுதான். ஏற்பாட்டாளர் சொல்லும் கூட்டத்தின் அளவை நம்புவதைவிட, போன வருடம் அங்கே நகை ஸ்டால் போட்ட இரண்டு பேரிடம் விசாரிப்பது பலன் தரும். எத்தனை நகை ஸ்டால்களுக்கு இடம் கொடுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். முப்பது ஸ்டாலில் பன்னிரண்டு நகை என்றால் விலகிவிடுங்கள்.

மேசையில் கண்ணாடி ஒன்று கண் உயரத்தில் வேண்டும். காதில் வைத்துப் பார்க்காமல் ஜிமிக்கி விற்காது. சுட்ட வெறும் துண்டு ஒன்றும், விரிசல் விட்ட துண்டு ஒன்றும் மேசையில் இருக்கட்டும். "மண்ணுக்கு இவ்வளவா?" என்றவர் கையில் அவற்றைக் கொடுத்தால் நீளமாகப் பேச வேண்டியதில்லை.

பொட்டிக் கடைகள் (உடை, நகை விற்கும் சிறு கடைகள்) பெரும்பாலும் விற்ற பிறகு பணம் என்பார்கள். கமிஷன் எத்தனை சதவீதம், மாதத்தில் எந்தத் தேதி பணம், கடையில் உடைந்தால் யார் பொறுப்பு, எத்தனை நாளில் விற்காததைத் திரும்ப எடுப்பது என்ற நான்கும் டெலிவரி சலானில் இருக்க வேண்டும். எண்ணிக்கையோடு கடைக்காரர் கையெழுத்தும் வேண்டும்.

கடைக்காரர் மொத்தமாக விலைக்கே வாங்கிக்கொண்டு பணத்தை இழுத்தடித்தால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, ஆனால் முன்கூட்டியே உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவைச் செய்திருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தர நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டப்படி, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில், இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்கான அரசு இணையத் தளத்தில் புகார் செய்யலாம். உத்யம் பதிவுக்கு ஆதாரும் பான் எண்ணும் போதும், அரசுத் தளத்தில் ஒரு பைசா கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல.

புது டிசைனைக் காப்பாற்றுவது

ஸ்டேட்டஸில் போட்ட மறுநாளே டிசைனைக் காப்பி அடித்துவிட்டார்கள் என்ற புலம்பல் இந்தத் தொழிலில் ஓயாது. எதைக் காக்க முடியும், எதைக் காக்க முடியாது என்று தெரிந்தால் புலம்பல் பாதியாகக் குறையும்.

நகையின் வடிவம், அலங்காரம் ஆகியவற்றை 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் பதியலாம். கையால் செய்த பொருளுக்கும் இது பொருந்தும். தனிநபருக்குக் கட்டணம் 1,000 ரூபாய், பாதுகாப்பு 10 ஆண்டு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் டிசைன் அதற்கு முன் எங்கும் வெளியாகியிருக்கக் கூடாது. ஸ்டேட்டஸில் போட்டாலும், ஸ்டாலில் வைத்தாலும் அது வெளியீடுதான். ஆகவே முதலில் விண்ணப்பம், பிறகு போட்டோ.

"நான் வரைந்தது, எனக்குப் பதிப்புரிமை தானாகவே உண்டு" என்று இருப்பவர்களுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. பதிவு செய்யத் தகுந்த டிசைனைப் பதியாமல் விட்டு, அதை வைத்து 50க்கு மேல் பொருள் செய்துவிட்டால் அந்த டிசைனில் பதிப்புரிமை போய்விடும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. இரண்டு சூளையில் அந்த எண்ணிக்கை வந்துவிடும்.

எல்லாவற்றையும் பதிய வேண்டுமா? வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வடிவமைப்புச் சட்டத்தின்படி, காப்பி அடித்தவரிடமிருந்து இழப்பீட்டுக்கு வழக்காடாமல் நேரடியாகக் கோரும் தொகை ஒரு டிசைனுக்கு மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டாது. இரண்டு சீசனில் பழசாகிவிடும் பூ டிசைனுக்காக வக்கீல் செலவு செய்வதில் அர்த்தமில்லை. மயில், மாங்காய், லட்சுமி எல்லாம் கோவில் நகையிலிருந்து வந்தவை, அவை யாருக்கும் தனிச் சொத்தும் இல்லை. கார்ட்டூன் பொம்மை உருவங்களில் கம்மல் செய்து விற்பவர்கள் இன்னொருவர் சொத்தில் கை வைக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குடையை மட்டும் கழற்றி மாற்றும் கொக்கி, காது கனக்காதபடி எடையைப் பின்னால் தாங்கும் அமைப்பு போல இயக்கத்தில் புதுமை இருந்தால் அது பேட்டன்ட் விவகாரம். முதலில் தற்காலிக விவரக்குறிப்பு தாக்கல் செய்துவிட்டு, 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு தரலாம். தனிநபருக்கு ஆன்லைன் தாக்கல் கட்டணம் 1,600 ரூபாய். சென்னை கிண்டியில் அலுவலகம் இருக்கிறது. இதற்கும் முதல் விதி வாயை மூடிக்கொண்டிருப்பது. காட்டிய பிறகு பேட்டன்ட் கேட்க முடியாது. மாதிரி செய்யும் உலோகப் பட்டறைக்காரரிடம்கூட ரகசியம் காப்பதாக ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நிஜமாகப் பணம் போட வேண்டியது பெயருக்கு. டிரேட்மார்க்கில் நகை 14ஆம் வகுப்பு. தனிநபருக்கு ஆன்லைன் கட்டணம் 4,500 ரூபாய், 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். டிசைன் மாறும், பெயர் மாறாது. "டெரகோட்டா ஜுவல்ஸ்" போன்ற பொதுப்பெயருக்கு உரிமை கிடைப்பது கடினம். பெயர் வைக்கும் முன் டிரேட்மார்க் தளத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள், பெயர்ப்பலகை அடித்த பிறகு தேடாதீர்கள். டி.எம். குறியைப் பதிவுக்கு முன்பே போடலாம். வட்டத்துக்குள் ஆர் குறியைப் பதிவு கிடைக்காமல் போடுவது சட்டப்படி தவறு.

புது டிசைனை விற்பனைக்கு விடும் முன் ஐந்து ஜோடி செய்து சோதிக்க வேண்டும். ஒரு காதுக்கு 10 கிராமைத் தாண்டினால் மாலைக்குள் காது இழுக்கும். எடைத் தராசு வாங்கிவிடுங்கள். வெள்ளைத் துணியை நனைத்து நகை மேல் இருபது முறை தேயுங்கள், நிறம் ஒட்டினால் வார்னிஷ் போதவில்லை. பட்டு பிளவுஸ் கறையானால் நகை விலையைப் போல இருபது மடங்கு கேட்பார்கள். ஐந்து அடி உயரத்திலிருந்து டைல்ஸ் தரையில் போட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் உடைகிறதோ அங்கே கனம் கூட்டுங்கள். மலிவு ஹூக்கில் நிக்கல் இருந்தால் சிலருக்குக் காது புண்ணாகும், நிக்கல் இல்லாதது என்று எழுதித் தரும் கடையில் வாங்குங்கள்.

நகையோடு சேர்த்துச் சொப்புச் சாமானும் செய்யலாமே என்று தோன்றும். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொருளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருட்கள் ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞருக்கு விலக்கு உண்டு. அந்தப் பதிவை வாங்கிய பிறகு சொப்பில் கை வையுங்கள்.

வரி

மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. வெளிமாநிலத்துக்கு ஒரு பார்சல் அனுப்பினாலும் பதிவு வேண்டும் என்பது பொது விதி. கைவினைப் பொருட்களுக்கு மட்டும் ஒரு வரம்புவரை இதில் விலக்கு இருக்கிறது. அதற்கான அரசு அறிவிப்பில் உள்ள பட்டியலில் உங்கள் பொருள் வர வேண்டும், பெரும்பகுதி கையால் செய்ததாக இருக்க வேண்டும், பான் எண் வேண்டும், பார்சலின் மதிப்பு எவ்வளவு குறைவானாலும் சரக்கு அனுப்புவதற்கான ஆன்லைன் ஆவணமான இ-வே பில் எடுக்க வேண்டும். சுடுமண் பொருள் என்றும் கவரிங் நகை என்றும் இரண்டு விதமாக வகைப்படுத்த இடம் இருப்பதால், வரிப் பட்டியலின் எந்த வகை எண்ணில் போடுவது என்று ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் சந்தைத் தளங்களில் பதிவு இல்லாமல் விற்க 2023 அக்டோபர் முதல் வழி உண்டு. ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும்.

பெட்டியில் அடைத்து விற்கும்போது பெயர், முகவரி, எண்ணிக்கை, மாதம், வருடம், அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்குத் தொடர்பு எண் எல்லாம் லேபிளில் வேண்டும். ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டால் வேலை முடிந்தது.

பெட்டியின் அளவு

கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வரும் எண்ணையும் பார்ப்பார்கள், எது கூடுதலோ அதற்குக் காசு. 25, 20, 10 அளவுப் பெட்டி ஒரு கிலோ கணக்கில் போகும். 20, 15, 8 அளவுப் பெட்டி 480 கிராம், அரைக் கிலோ கட்டணத்திலேயே அடங்கிவிடும். உள்ளே இருப்பது இரண்டிலும் அதே நூறு கிராம் நகைதான். ஒரு அளவுப் பெட்டியை முடிவு செய்து மொத்தமாக வாங்குங்கள், டிசைனையும் அந்தப் பெட்டிக்குள் அடங்கும்படி போடுங்கள்.

ஜிமிக்கிக் குடைக்குள் டிஷ்யூ பேப்பரை உருட்டி வைத்தால் முத்து ஆடி விளிம்பை உடைக்காது. இரண்டு காதும் ஒன்றோடொன்று படாதபடி தனித்தனியாகச் சுற்ற வேண்டும். முடித்த பார்சலை மேசை உயரத்திலிருந்து ஆறு பக்கமும் விழும்படி ஆறு முறை போட்டுத் திறந்து பாருங்கள். உடைந்தால் அனுப்பும் முறையை மாற்றுங்கள், கூரியர்காரரை மாற்றிப் பயனில்லை. உடைந்து வந்தால் மாற்றித் தருவதற்கு, பெட்டியைப் பிரிக்கும்போது நிறுத்தாமல் எடுத்த வீடியோ வேண்டும் என்று லேபிளிலேயே போட்டுவிடலாம்.

தை முகூர்த்தங்கள் முடிந்ததும் இருப்பை எண்ணுங்கள். மூன்று மாதத்தில் இரண்டு ஜோடிகூடப் போகாத டிசைனின் மோல்டை உடைத்துவிடுங்கள், வைத்திருந்தால் அடுத்த வருடமும் கை அதைத் தேடும். தீட்டியும் விற்காதவற்றின் மேல் வேறு நிறம் அடிக்கலாம். வண்ணம் படாமல் உடைந்துபோன சுட்ட துண்டுகளை எறிய வேண்டாம். முகத்தில் துணி கட்டிக்கொண்டு இடித்து, மெல்லிய துணியில் சலித்து, அடுத்த மூட்டை மண்ணில் பத்தில் ஒரு பங்குவரை கலந்து பிசையுங்கள். ஏற்கெனவே சுருங்கி முடித்த அந்தத் தூள் புது மண்ணின் சுருக்கத்தைக் குறைக்கும், விரிசலும் குறையும். கலந்த பிறகு 100 மி.மீ. பட்டையை மறுபடி சுட்டு அளக்க மறக்காதீர்கள், பழைய மோல்டு அளவுகள் இனி பொருந்தாது.